மஞ்சள் பெர்மிட்

"இஞ்சேருங்க, ஒரு அஞ்சு நிமிசம் எனக்கு முன்னால இருங்க. நான் ஒரு கேள்வி கேப்பேன். சிரிக்கப்படாது."

"சிரிக்கல்ல. கேளு."

"என் மொகத்தைப் பாருங்க. கேக்குத ஆளும் பாக்கணும், பதில் சொல்லுத ஆளும் பாக்கணும். சபிதா மேடம் அப்படித்தான் சொல்லித் தந்தாங்க."

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்குகூட இவ்வளவு நேரம் பாக்க விடல்ல உங்க வீட்டுல."

"சும்மா இருங்க. உங்களுக்கு..." ஜாஸ்மி ஆபீஸ் பயிற்சியில் கொடுத்த தாளில் அந்த வரிமேல் விரலை வைத்துக்கொண்டாள். "உங்களுக்குச் சா..."

"சாயா வேணுமான்னா? வேணும். கூட ரெண்டு பழம்பொரி இருந்தாலும் கொள்ளாம்."

அவள் தாளாலேயே அவன் தோளில் ஒரு அடி போட்டாள். மறுபடி நேராக உட்கார்ந்து, மூச்சை இழுத்து, அந்த வார்த்தையைப் பாதிவரை கொண்டுவந்தாள். அதற்குள் உள்ளறையிலிருந்து மாமனாரின் குரல் வந்துவிட்டது.

"ஏட்டி, ஜெபம் பண்ணுத வீட்டுல இது என்ன பேச்சு? அந்த வார்த்தையெல்லாம் ஆபீசுலயே வச்சிட்டு வா."

சிஜின் உதட்டில் விரல் வைத்துக் காட்டினான். ஜாஸ்மிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தாளை நாலாக மடித்து பிரிட்ஜின் மேல் கரண்டு பில்லுக்கு அடியில் வைத்தாள்.

அது நடந்து ஏழு மாதம் ஆகிறது. தாள் இன்னும் அங்கேதான் இருந்தது. மாமாதான் இப்போது முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார்.

ஜாஸ்மி அடுக்களை வாசலில் சாயாப் பாத்திரத்தோடு நின்று, புருசன் தோசை தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்கட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்து, மெதுவாகப் பிய்த்துச் சட்னியில் தோய்த்து, நன்றாக மென்று விழுங்கினான். மூன்றாவது தோசை. தலைநிமிர்ந்தவன் அவளைக் கண்டதும் புன்னகை செய்தான்.

"இன்னொண்ணு போடட்டா?" என்று கேட்டாள்.

"போடு," என்றான்.

அவள் சாயாப் பாத்திரத்தைக் கீழே வைக்காமல் அவனையே பார்த்து நின்றாள்.

மாமா நேற்று விடியற்காலையில் போனார். தபால் ஆபீசில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், பெயர் சத்தியராஜ். ஐந்தரை மணிக்கு எழுந்து கட்டன்சாயா கேட்டார். ஜாஸ்மி கொண்டுபோனபோது கண்ணாடியைப் போட்டபடியே நாற்காலியில் சாய்ந்திருந்தார். தொட்ட பிறகுதான் தெரிந்தது. எழுபத்து மூன்று வயது. ஒரு நாள்கூடப் படுக்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் கொடுத்துவைத்த சாவு என்றார்கள். மகள் பெமிலா மஸ்கட்டிலிருந்து வந்து சேர வேண்டும் என்று பெட்டியில் வைத்தார்கள். அவள் இன்று காலையில் வந்துவிட்டாள். மாலை நான்கு மணிக்கு அடக்கம்.

மாமாவுக்காக ஜாஸ்மி அழுதாள். உண்மையாகவே அழுதாள். பத்து வருடத்தில் அவர் ஒருமுறைகூட அவள் மனம் நோகப் பேசியதில்லை, அந்தத் தாள் விஷயத்தைத் தவிர. ஆனால் நேற்றுப் பகல் முழுவதும் அழுகைக்கு அடியில் வேறொன்று ஓடிக்கொண்டே இருந்தது. அது என்னவென்று இன்று காலையில், அவன் இரண்டாவது தோசை கேட்டபோதுதான் அவளுக்குப் புரிந்தது.

சபிதா மேடம் பயிற்சியில், உயிரை விட நினைக்கிறவர்களிடம் தெரியும் பத்து அடையாளங்களை எழுதிப் போட்டார். தூக்கம் கெடும். சாப்பாடு இறங்காது. கூட்டத்தில் ஒட்டாமல் இருப்பார்கள். காரணமில்லாமல் அழுவார்கள். "நான் போய்விட்டால் நல்லது" என்பார்கள். இப்படியே பத்து. அந்தப் பட்டியலை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தால் யாரைத்தான் விட முடியும்? மாமி லீலாபாய் நேற்றிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீருக்கு மேல் குடிக்கவில்லை. பெட்டியின் கண்ணாடிமேல் நெற்றியை வைத்துக்கொண்டு, "என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கப்படாதா, என்னை எதுக்கு விட்டிட்டுப் போனிய" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். பக்கத்து வீட்டுச் சத்தியபாய் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். பெமிலா மூலையில் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்து இருந்தாள். யாரும் பயப்படவில்லை. சாவு வீட்டில் அப்படித்தான் இருப்பார்கள்.

பத்தில் ஒன்றுகூட இல்லாத ஆள் ஒருவன்தான்.

அவன் நேரத்துக்குச் சாப்பிட்டான். குளித்து, சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டான். பந்தல்காரனிடம் தார்ப்பாயைக் காற்று தூக்காமல் இழுத்துக் கட்டச் சொன்னான். ராத்திரி படுத்ததும் கண்ணை மூடினான். ஜாஸ்மி பக்கத்தில் கிடந்து அவன் மூச்சைக் கேட்டாள். தூங்குகிறவன் மூச்சு அப்படி அளந்துவிட்டதுபோல் வராது.

அவனும் அந்தப் பயிற்சிக்குப் போனவன். இரண்டாவது பேட்சில். அந்தப் பத்தும் அவனுக்கும் மனப்பாடம்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் நிற்கும் மின்சாரக் காற்றாடிகளில் நாற்பத்திரண்டைப் பராமரிக்கிற கம்பெனியில்தான் இரண்டு பேருக்கும் வேலை. சிஜின் மேலே ஏறி வேலை செய்கிறவன். ஜாஸ்மி சைட் ஆபீசில். காலை ஆறரைக்கு ஆட்கள் வரிசையாக அவள் ஜன்னலுக்கு வருவார்கள். ஆளுக்கொரு மஞ்சள் பெர்மிட். நேற்று குடித்தாயா, தூங்கினாயா, காய்ச்சல் உண்டா, பாதுகாப்பு பெல்ட் சரியா என்று ஆறு கேள்வி. டிக் போட்டுக் கையெழுத்து வைத்தால் அவள் முத்திரை குத்திக் கொடுப்பாள். அந்தச் சீட்டு இல்லாமல் ஒருவரும் தூணின் கதவைத் திறக்கக்கூடாது.

பிரபின் போன பிறகு ஏழாவது கேள்வி ஒன்று சேர்ந்தது.

பிரபின், சிஜினின் ஜோடி. மேலே எப்போதும் இரண்டு பேராகத்தான் போவார்கள்; ஆறு வருடம் அவர்கள் இரண்டு பேரும்தான். ஒரு சனிக்கிழமை இறங்கி வந்து, பெல்ட்டை ஆணியில் மாட்டிவிட்டு, "வாறேன் மக்கா" என்று போனவன், ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். முப்பத்தொரு வயது. அதற்குப் பிறகுதான் கம்பெனி நாகர்கோவிலிலிருந்து சபிதா மேடத்தைக் கூட்டிவந்து எல்லாருக்கும் இரண்டு நாள் பயிற்சி வைத்தது. ஜாஸ்மியை மனத்துணை என்று தேர்ந்தெடுத்து சட்டையில் குத்த ஒரு பச்சை பேட்ஜும் கொடுத்தார்கள். பையன்கள் ஜன்னலில் வந்து, "எக்கா, மனசு சரியில்ல, ஒரு ஓம்லெட் சொல்லுங்க" என்று கேலி பண்ணினார்கள்.

"கேலி பண்ணட்டும்," என்றார் மேடம். "ஆனா உங்க கையில ஒரு அதிகாரம் இருக்கு. யாருக்காவது ஏறக்கூடாதுன்னு உங்களுக்குத் தோணினா, காரணம் சொல்லாம பெர்மிட்டை நிறுத்தலாம். நேராக் கேக்கவும் பயப்படாதீங்க. கேட்டா அந்த எண்ணம் புதுசா வராது. ஏற்கெனவே இருந்தா, இறக்கி வைக்க ஓர் இடம் கிடைக்கும்."

ஏழாவது கேள்வி: இன்று மனநிலை. நல்லது, சுமார், பேச வேண்டும். மூன்று கட்டம். ஏழு மாதமாக சிஜின் அவள் கண்முன்னால் நல்லது என்றே டிக் போட்டான். ஏழு மாதமாக அவள் முத்திரை குத்தினாள். வீட்டில் சோறு போடுகிறவளுக்குத் தெரியாததா சீட்டில் இருக்கப்போகிறது என்று, மற்றவர்கள் சீட்டைப் பார்க்கிற அளவுக்குக்கூட அவன் சீட்டை அவள் பார்த்ததில்லை. சீட்டு வாங்கிய பிறகும் அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஒரு நிமிடம் நிற்பான். "அடுத்த ஆளு வாங்க," என்று அவள் கூப்பிடுவாள். அவன் போய்விடுவான்.

இரண்டு மணிக்குக் கம்பெனி ஆட்கள் மாலையோடு வந்தார்கள். அவர்களில் ராஜகுமார் என்கிற பையன், பிரபினுக்குப் பிறகு சிஜினோடு ஜோடியாக ஏறுகிறவன், ஜாஸ்மியைத் தேடிக்கொண்டு அடுக்களைப் பக்கம் வந்தான். தண்ணீர் கேட்டான். குடித்துவிட்டும் தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"மைனி, ஒரு காரியம். இன்னைக்குச் சொல்லப்படாது. ஆனாலும் சொல்லாம இருக்க முடியல்ல."

"சொல்லு தம்பி."

"போன வியாழக்கிழமை இருபத்தேழாம் நம்பர் காத்தாடியில ஏறியிருந்தோம். நான் உள்ள ஸ்பானர் எடுத்திட்டு வெளிய தலைய நீட்டுதேன், அண்ணன் கூரை மேல நிக்குது. பெல்ட்டுக் கொக்கியக் கம்பில மாட்டல்ல. ரெண்டு கொக்கியும் இடுப்புல தொங்கிக்கிட்டிருக்கு. நான் கூப்பிட்டேன், கேக்கல்ல. பைய போய்ப் பின்னால நின்னு நானே மாட்டுனேன். திரும்பிப் பாத்து, மறந்துட்டேன்லேன்னு சிரிச்சுது."

"எம்புட்டு நேரம் அப்படி நின்னாங்க?"

"தெரியல்ல மைனி. எங்க எல்லாருக்கும் ஏறப் படிச்சுக் குடுத்ததே அண்ணன்தானே. அது மறக்குமா?"

தம்ளரைத் திண்டில் வைத்துவிட்டு அவன் போய்விட்டான். ஜாஸ்மி அந்தத் தம்ளரைக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள்.

மூன்றரைக்கு வேதக்கோவில் மணி ஒவ்வொன்றாக அடிக்கத் தொடங்கியது. மாமாவை மரப்பெட்டிக்கு மாற்றி முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். போட்டோக்காரர் குடும்பத்தைத் தலைமாட்டில் வரிசையாக நிறுத்தினார். மஸ்கட்டில் மருமகன் பார்ப்பதற்காகப் பக்கத்தில் ஒருவன் போனில் நேரலையும் போட்டுக்கொண்டிருந்தான்.

"மகன் கொஞ்சம் அம்மா பக்கம் நெருங்கி நில்லுங்க. ஆங், அப்படித்தான். எல்லாரும் இந்தப் பக்கம் பாருங்க."

சிஜின் சொன்னபடி நெருங்கி நின்றான். மாமியின் தோளைத் தாங்கிக்கொண்டான். பெமிலா அப்பாவின் கையைப் பிடித்துக் கதறினாள். அவன் குனிந்து அப்பாவின் நெற்றியில் முத்தம் கொடுத்தான். நிமிர்ந்தபோது முகம் துடைத்த பலகைபோல் இருந்தது.

"பிள்ளைன்னா இப்படி இருக்கணும்," என்றாள் சத்தியபாய், ஜாஸ்மியின் காதுக்குள். "ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாம எல்லாத்தையும் ஓடியாடிப் பாக்குதான், பாத்தியா. தைரியசாலி."

ஜாஸ்மி தலையை ஆட்டினாள். பேசினால் கத்திவிடுவோம் என்று தோன்றியது.

கல்லறைத் தோட்டம் மேட்டில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் மலையடிவாரம் முழுவதும் காற்றாடிகள். ஆனி மாதத்துக் காற்று. எல்லாம் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. போதகரின் அங்கி படபடத்தது. அவர் வாசித்த வசனத்தில் பாதியைக் காற்று கொண்டுபோனது. குழிக்குள் பெட்டி இறங்கும்போது எல்லாருடைய கண்ணும் குழியில் இருந்தது. சிஜினின் கண் மட்டும் அங்கே இல்லை. ஜாஸ்மி அவன் பார்வை போன பக்கம் பார்த்தாள். வரிசையில் மூன்றாவது தூண். வெள்ளையில் கறுப்பாக இருபத்தேழு என்ற எண் அந்தத் தூரத்திலும் தெரிந்தது.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவன் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். மண் போடும்வரை விடவில்லை. பார்த்தவர்கள், மாமனார்மேல் அவ்வளவு பாசம், நிற்க முடியவில்லை பாவம் என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து கால் கழுவியதும் கஞ்சியும் பயறும் விளம்பினார்கள். சிஜின் இரண்டு தரம் வாங்கிக் குடித்தான். பிறகு வாடகை நாற்காலிகளைப் பத்துப் பத்தாக அடுக்கினான். அடுக்கிக்கொண்டே, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"நாளைக்கு நான் வேலைக்குப் போறேன்."

"நாளைக்கேவா?" என்றாள் பெமிலா. "மூணாம் நாள் ஜெபம் முடிஞ்சு போனா போராதா?"

"ஜெபத்துக்கு வந்திருவேன். சீசன் நேரம், ஆளு இல்ல. காத்து ஏறுததுக்கு முன்ன காலையில ஏறி இறங்கிருவேன். இங்கயே இருந்தா அப்பா நாற்காலியத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும்."

பாயில் கிடந்த மாமி தலையைத் தூக்கினாள். "போட்டும் மக்கா. நாலு பேரு மொகத்தைப் பாத்தா மனசு ஆறும். அவனாவது ஆறட்டும்."

எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. ஜாஸ்மி எழுந்து அடுக்களைக்குப் போனாள். பிரிட்ஜின் மேலே கையைவிட்டுத் தடவினாள். கரண்டு பில்லுக்கு அடியில் தாள் இருந்தது. மடிப்பில் தூசி. பிரித்தாள். கடைசி வரிக்குக் கீழே சபிதா மேடத்தின் போன் நம்பர் அச்சிட்டிருந்தது. அதை ஒருமுறை வாசித்தாள். பிறகு தாளை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். கேள்வி அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும். வாசிப்பதல்ல பயம். வாயால் சொல்லிவிட்டால் அது வீட்டுக்குள் வந்துவிடும். வந்தது எங்கே உட்காரும், யாரைத் தொடும் என்று தெரியாது. அதுவும் ஒரு சாவு நடந்து, விளம்பிய கஞ்சியின் சூடுகூட ஆறாத வீட்டில்.

பக்கத்து அறையில் சிஜின் பெல்ட்டை ஆணியிலிருந்து எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான். வழக்கமாக அதை ஒருநாளும் மடிக்க மாட்டான், சுருட்டித் திணிப்பான். இன்று ஒவ்வொரு வாராக நேராக்கி மடித்தான். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. ஜன்னல் வழியாக வந்த வெயில் இரண்டு கொக்கிகள்மேலும் விழுந்து மின்னியது.

ஜாஸ்மி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"என்ன?" என்றான்.

"இஞ்சேருங்க, இப்படி இருங்க."

"நாற்காலி வண்டிக்காரன் வந்திருவான்."

"வரட்டும். இருங்க."

கட்டிலில் உட்கார்ந்தான். அவள் எதிரே பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப்போட்டுக்கொண்டாள். முழங்கால்கள் இடித்தன.

"தோசை தின்னது போரும்," என்றாள். "கஞ்சி குடிச்சது போரும். தூங்குத மாதிரி கெடந்ததும் போரும். எனக்கு உங்க மூச்சு தெரியாதா?"

அவன் சிரிக்கப் பார்த்தான். "என்னட்டி, சாவு வீட்டுல சோறு தின்னது குத்தமா?"

"என் மொகத்தைப் பாருங்க."

பார்த்தான்.

"உங்களுக்குச் சாகணும்னு தோணுதா?"

சொல்லிவிட்டாள். முழுதாகச் சொன்னாள். சொன்ன பிறகுதான், உள்ளறையிலிருந்து ஒரு அதட்டல் வரும் என்று தன் காது காத்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. வரவில்லை. அந்த அறையில் நாற்காலி மட்டும் இருந்தது. முற்றத்தில் தார்ப்பாய் அடித்துக்கொண்டது. பெமிலா யாரிடமோ போனில் ரயில் நேரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவன் சிரிக்கவில்லை. சாயாவும் கேட்கவில்லை. கையிலிருந்த கொக்கியைத் திறந்தான், மூடினான். திறந்தான், மூடினான்.

கேட்டுவிட்டால் வாயை மூடிக்கொள்ளுங்கள் என்று மேடம் சொல்லியிருந்தார். அந்த மௌனத்தைத் தாங்குவதுதான் உங்கள் வேலை. ஜாஸ்மி புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு தாங்கினாள்.

"அந்த மேடம் போர்டுல எழுதுனாங்கல்லா, பத்து," என்றான் கடைசியில், கொக்கியைப் பார்த்துக்கொண்டே. "ஒவ்வொண்ணா எழுத எழுத நான் எண்ணிக்கிட்டே இருந்தேன். பத்தும் பிரபினுக்கு இருந்துது. ஒண்ணு விடாம இருந்துது. சாப்பாட்டுப் பாத்திரத்தை எனக்குத் தந்திருவான், வயிறு சரியில்ல மக்கா நீ தின்னும்பான். நான் வாங்கித் தின்னேன், ஜாஸ்மி. நல்ல மீனுன்னு சொல்லித் தின்னேன்."

அவள் அவன் முழங்காலில் கையை வைத்தாள். எடுக்கவில்லை.

"எல்லாரும் படிச்சிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போனாங்க. நான் மட்டும் படிச்ச அன்னையிலேருந்து... கீழ நிக்கும்போது ஒண்ணும் இல்ல. மேல போய்க் கதவத் திறந்து வெளிய வந்தா, அவன் நிக்குத இடம் காலியா இருக்கும். அந்த நேரம் மட்டும் தோணும். பெறவு எறங்கிருவேன். அப்பாகிட்டச் சொல்லலாம்னு பாத்தேன். அப்பா ஜெபம் பண்ணுவாரு. எனக்கு ஜெபம் வேணும், அது மட்டும் போராது."

வெளியே நாற்காலி வண்டி வந்து ஹாரன் அடித்தது. யாரோ, "சிஜின் எங்க?" என்று கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் அசையவில்லை.

"தினமும் உன் ஜன்னல்ல நின்னு கேக்கணும்னு நினைப்பேன்," என்றான். "பின்னால பயலுவ நிப்பானுவ. நீ முத்திரை குத்திருவ."

"இப்பம் பின்னால ஒருத்தரும் இல்ல," என்றாள் ஜாஸ்மி. "கேளுங்க."

அவன் பைக்குள்ளிருந்து, நேராக்கி மடித்து வைத்த பெல்ட்டைத் திரும்ப வெளியே எடுத்தான். இரண்டு கைகளாலும் தூக்கி அவள் மடியில் வைத்தான். நல்ல கனம் இருந்தது.

"நாளைக்கு எனக்குப் பெர்மிட் தராத, ஜாஸ்மி."